காற்று தனக்குத்தானே சொல்லி அனுப்பும் சேதி

வாசல் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்திப் பாருங்கள். கொல்லைப்புறக் கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தால், அது ‘டொக்’ என்று ஒருமுறை ஆடும். இரண்டு கதவுக்கும் நடுவே பதினைந்து மீட்டர் இருந்தால்கூட, வாசலில் நடந்தது கொல்லைக்குத் தெரியவர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அதே வீட்டில் அடுப்பங்கரையில் பெருங்காயம் தாளித்தால் வாசனை கூடத்துக்கு வர அரை நிமிடமாவது ஆகும். வாசனை காற்றோடு வருகிறது, காற்று எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு மெதுவாக. கதவு சாத்திய சேதி காற்றோடு வரவில்லை, காற்றின் ஊடாக வந்தது. வாசலில் இருந்த காற்று வாசலிலேயேதான் இருக்கிறது. பக்கத்துக் காற்றை ஒரு தள்ளு தள்ளியது, அது தனக்குப் பக்கத்தில் இருந்ததைத் தள்ளியது, அவ்வளவுதான்.

ஓடும் வாயுவில் சின்னச் சின்னக் கலக்கங்கள் எப்படிப் பயணம் செய்கின்றன என்ற பாடம் முழுவதும் இந்த இரண்டு வகைப் பயணத்தில் அடங்கிவிடுகிறது. கல்லூரியில் இதைச் சமன்பாடுகளின் குவியலாகத்தான் படித்தேன். ‘சிறிய உறுப்புகளைப் புறக்கணிக்க’ என்று கரும்பலகையில் ஒரு வரி வரும், அடுத்த வரியில் பாதிச் சமன்பாடு காணாமல் போயிருக்கும். எதை விட்டோம், ஏன் விடலாம், விட்டதற்கு எங்கே விலை கொடுப்போம் என்று யாரும் நின்று சொன்னதில்லை. எனக்கு இதில் உயிரான இடமே அதுதான் என்று படுகிறது. ஒலி என்பது காற்று தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சேதி. வாயு எப்படி ஓடும் என்பதை, அந்தச் சேதி எங்கே போய்ச் சேர்கிறது, எங்கே சேராமல் நிற்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முதலில் ‘சிறிய’ என்றால் எவ்வளவு சிறியது என்று பார்க்கலாம். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசுகிறோம். அந்தப் பேச்சு காற்றழுத்தத்தில் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் சுமார் 0.02 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல். அதாவது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அலையில் காற்று முன்னும் பின்னும் அசையும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெப்பநிலையும் கூடிக் குறைகிறது, ஒரு டிகிரியில் லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு. காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில் காற்று அசையும் தூரம் ஓர் அணுவின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இதைக் கேட்கும் காது நமக்கு வாய்த்திருப்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

சரி, இந்தச் சிறுமை கணக்கில் எப்படி உதவுகிறது? வாயுவின் இயக்கச் சமன்பாடுகள் சுபாவத்திலேயே சிக்கலானவை. வேகம் தன்னையே தூக்கிக்கொண்டு போகிறது. அடர்த்தி கூடினால் அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் கூடினால் வேகம் மாறுகிறது, வேகம் மாறினால் மறுபடி அடர்த்தி. கணக்கில் எழுதினால் இரண்டு மாற்றங்களைப் பெருக்கும் உறுப்புகள் வரும். இதை வட்டிக் கணக்காக நினைத்தால் எளிது. முதல் ஐம்பது லட்சம் ரூபாய், மாத வட்டி ஒரு ரூபாய். வட்டிக்கு வட்டி எவ்வளவு? ஒரு ரூபாயில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. அதைக் கணக்குப் பிள்ளை எழுதாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வட்டிக்கு வட்டியை விட்டுவிட்டுத் தனிவட்டியை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நேரியல் அணுகுமுறை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குப் பொருட்டில்லாத வட்டிக்கு வட்டி, போதுமான காலம் விட்டால் முதலையே விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தனிவட்டிக் கணக்குக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இரண்டு பேர் போட்ட பணத்துக்குத் தனித்தனியே வட்டி போட்டுக் கூட்டினாலும், மொத்தமாகப் போட்டாலும் ஒரே விடை. அலைகளும் அப்படியே. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருக்கும். பந்தியில் சாம்பார் கேட்கும் குரல் அதற்குக் குறுக்கே போகும். ஒன்றை ஒன்று கடந்த பிறகு எதற்கும் ஒரு கீறல்கூட விழாது. அவரவர் சேதி அவரவர் காதுக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. கேட்பவருக்குச் சத்தத்தில் புரியாமல் போகலாம். ஆனால் காற்றில் அலைகள் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. பாடப்புத்தகத்தில் மேற்பொருந்துதல் தத்துவம் என்று படித்தது இதுதான்.

இந்தச் சேதியின் வேகத்தை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் நியூட்டன். 1687இல் வெளிவந்த அவருடைய பிரின்கிபியா நூலில் அது இருக்கிறது. அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடு என்றார். எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகம், எவ்வளவு கனமோ அவ்வளவு மந்தம். யோசனை முற்றிலும் சரி. ஆனால் விடை தவறாக வந்தது. இன்றைய எண்களைப் போட்டால் பூஜ்யம் டிகிரிக் காற்றில் நொடிக்கு 280 மீட்டர் என்று வரும், உண்மையில் 331. நியூட்டனுக்கும் இது தெரிந்தே இருந்தது. வில்லியம் டெர்ஹாம் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் அப்மின்ஸ்டர் தேவாலயக் கோபுரத்தில் தொலைநோக்கியோடு நின்று, தூரத்தில் துப்பாக்கி சுடும் வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடைவெளியை அளந்திருந்தார். 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் நியூட்டனின் கணக்கு நொடிக்கு 979 அடி, அளந்தது 1142 அடி. இந்த இடைவெளியை அடைக்க, காற்றுத் துகள்களின் பருமன், காற்றில் கலந்திருக்கும் ஆவி என்று அவர் காரணங்களைச் சேர்த்தார். எவ்வளவு பெரிய மனிதர்! கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தும் அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்த்த அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் பிரியம்தான் கூடியது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஓட்டை அடைபடவில்லை. அடைத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், 1816இல். நியூட்டன் பாயில் விதியை எடுத்துக்கொண்டார், அதாவது அமுக்கும்போது வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டார். ஆனால் சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் சுடும். அமுக்கினால் காற்று சூடாகிறது. சூடானால் அழுத்தம் இன்னும் கூடுகிறது. அதனால் அது நியூட்டன் நினைத்ததைவிட விறைப்பானது. அந்த உபரி விறைப்பு காற்றுக்கு 1.4 மடங்கு. 1.4இன் வர்க்கமூலத்தை 280ஓடு பெருக்கினால் 331 வந்து உட்காரும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘ஒலி வேகமாக அதிர்வதால் வெப்பம் வெளியேற நேரமில்லை’ என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது பாதி உண்மை. கேள்வி நேரம் மட்டுமல்ல, தூரமும்தான். நொடிக்கு ஆயிரம் அதிர்வு கொண்ட ஒலியில், சூடான முகட்டுக்கும் குளிர்ந்த பள்ளத்துக்கும் நடுவே 17 சென்டிமீட்டர் தூரம். ஓர் அதிர்வு நேரத்தில் காற்றில் வெப்பம் பரவக்கூடிய தூரம் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே வெப்பம் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. சுருதி இறங்க இறங்க அலை இன்னும் நீளமாகிறது, வெப்பம் இன்னும் பத்திரமாக மாட்டிக்கொள்கிறது. வேகமாக அதிர்வதுதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

லாப்லாஸின் திருத்தத்துக்குப் பின் கிடைத்த சூத்திரத்தில் அழுத்தமும் அடர்த்தியும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெப்பநிலை மட்டும் மிஞ்சுகிறது. வாயு எது, எவ்வளவு சூடு என்ற இரண்டே போதும். பூஜ்யம் டிகிரியில் 331. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூட்டிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் 350ஐத் தாண்டும். பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 டிகிரியில், சுமார் 295 ஆகிவிடும்.

காற்று சும்மா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால்? 1822 ஜூனில் பாரிசுக்குத் தெற்கே வில்ஜுயிஃப், மோன்லெரி என்ற இரண்டு ஊர்களில் பீரங்கிகளை நிறுத்தி, அரகோ, கே-லுசாக், ஹும்போல்ட் போன்றவர்கள் இரவில் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். இடைவெளி 18.6 கிலோமீட்டர், வெளிச்சம் தெரிந்து ஓசை வர ஏறக்குறைய 55 நொடி. கிடைத்த விடை 16 டிகிரியில் நொடிக்கு சுமார் 341 மீட்டர். ஒரே பக்கத்திலிருந்து சுடாமல் இரண்டு பக்கமிருந்தும் சுட்டதில்தான் அவர்களின் சாமர்த்தியம். காற்று நொடிக்கு 3 மீட்டர் வீசினால், கூடப் போகும் ஒலிக்கு 344, எதிரே வரும் ஒலிக்கு 338. சராசரியில் காற்று கழிந்துவிடும். ஓடும் வாயுவில் ஒலிக்கு இந்த இரண்டு வேகங்கள்: ஓட்டத்தைக் கூட்டியது ஒன்று, கழித்தது ஒன்று. மூன்றாவதும் ஒன்று உண்டு. அது வெறும் ஓட்டவேகம். பெருங்காய வாசனை வந்த வேகம் அதுதான். ஒரு சூடான காற்றுக் கட்டி, ஒரு சுழல், ஒரு புகைக்கொத்து எதுவானாலும் ஓட்டத்தில் மிதந்தபடி போகும், அழுத்தத்தைத் தொந்தரவு செய்யாது. 1953இல் கோவாஸ்னாய் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: ஒலி, சுழல், என்ட்ரோபி (அந்தச் சூடான கட்டி இந்த வகை) என்று மூன்று வகைக் கலக்கங்கள். கலக்கம் சிறியதாகவும் ஓட்டம் சீராகவும் இருக்கும்வரை மூன்றும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தன் வழியே போகும். ஓட்டம் சீராக இல்லாமல் ஒரு குறுகலுக்குள் பாயும்போது அந்த மௌனம் கலைகிறது. சூடான கட்டி குறுகலுக்குள் நுழையும்போது பக்கத்துக் காற்றைவிட லேசாக இருப்பதால் வேறு விதமாக முடுக்கம் பெறுகிறது, அதிலிருந்து புதிதாக ஓர் ஒலி பிறக்கிறது. ஜெட் எஞ்சினின் இரைச்சலில் ஒரு பங்கு இப்படி வருவது.

அந்தப் பாரிஸ் இரவில் ஒரு விநோதமும் நடந்தது. ஒரு பக்கத்துப் பீரங்கி மறுபக்கம் நன்றாகக் கேட்டது. எதிர்ப்பக்கத்துக் குண்டுகளோ மங்கலாகவே கேட்டன. காற்று நொடிக்குச் சில மீட்டர்தான், ஒலியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு. அது எப்படி ஓசையை விழுங்கும்? ‘காற்று ஒலியை அடித்துக்கொண்டு போகிறது’ என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம், ஆனால் அது நடக்கக்கூடியதே அல்ல. 1857இல் ஸ்டோக்ஸ் சரியான காரணத்தைச் சொன்னார். தரையை ஒட்டிக் காற்று மெதுவாக வீசும், மேலே போகப் போக வேகமாக வீசும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலியலையின் தலைப்பகுதி பின்தங்கும், கால்பகுதி முந்தும். அலை மொத்தமாக மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். பத்து மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் காற்று கூடினால், அரை கிலோமீட்டருக்குள் ஒலி 35 மீட்டர் மேலேறிவிடும். ஓசை அழிந்துபோகவில்லை, கேட்பவர் தலைக்கு மேலே போய்விட்டது. காற்றின் திசையில் போகும் ஒலியோ தரையை நோக்கி வளையும்.

வெப்பநிலையும் இதே வேலையைச் செய்கிறது. மார்கழி விடியற்காலையில் அடுத்த ஊர்க் கோயில் மைக்செட்டில் திருப்பாவை போடுவது நம் வீட்டுத் திண்ணையில் வரி வரியாகக் கேட்கும். அதே மைக்செட் மதியம் அலறினாலும் ஊர் எல்லையைத் தாண்டாது. ஊர் அமைதியாக இருப்பது ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமல்ல. பனிக்காலத்து இரவில் தரை குளிர்ந்து, தரையொட்டிய காற்று மேலே உள்ளதைவிடச் சில்லென்று இருக்கும். மேலே ஒலி வேகமாக ஓடும், கீழே மெதுவாக ஓடும். அலை தரைக்கே வளைந்து வளைந்து திரும்பும். பகலில் தரை கொதிக்கும்போது நேர்மாறாக நடக்கும், பாட்டு வானத்துக்குப் போய்விடும்.

இப்போது ஓட்டத்தை வேகமாக்குவோம். ஓட்டத்தை எதிர்த்துப் போகும் ஒலிக்குக் கிடைப்பது ஒலிவேகத்திலிருந்து ஓட்டவேகத்தைக் கழித்த மிச்சம். ஓட்டம் கூடக் கூட அந்த மிச்சம் தேயும். ஓட்டம் ஒலிவேகத்தைத் தொட்டால் மிச்சம் பூஜ்யம். காவிரியில் வெள்ளம் வரும்போது எதிர்நீச்சல் போடுபவர் கை ஓயாமல் அடித்தும் அதே இடத்தில் நிற்பதைப் போல, சேதி நின்ற இடத்தில் நிற்கும். அதையும் தாண்டினால் மூன்று வேகங்களும் கீழ்நோக்கித்தான். மேலே இருக்கும் காற்றுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியவராது.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், பஞ்சர் கடை போதும். கார் டயரில் வால்வின் உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றியதும் காற்று சீறும். டயரில் 32 பிஎஸ்ஐ என்றால், வெளிக்காற்றையும் சேர்த்து உள்ளே இருப்பது மூன்று மடங்குக்கும் மேல். காற்றைப் பொறுத்தவரை உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் போல் 1.9 மடங்கைத் தாண்டினாலே, துவாரத்தின் மிகக் குறுகிய இடத்தில் காற்று ஒலிவேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் அந்த இடத்தில் வேகம் கூடாது. வெளியே அழுத்தத்தை இன்னும் குறைத்தாலும், வெற்றிடமே ஆக்கினாலும், நொடிக்கு இவ்வளவு காற்று என்ற அளவு கூடவே கூடாது. ஏன்? வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது, இன்னும் வேகமாக வா என்ற சேதி உள்ளே போக வேண்டும். அது ஒலியாகத்தான் போக முடியும். குறுகலில் எதிரே வரும் காற்று அதே வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சேதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. டயரில் சுமார் 13 பிஎஸ்ஐ ஆக இறங்கும்வரை, உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சீறும்போது வால்வைத் தொட்டால் விரல் சில்லிடும். வேகமெடுக்கும் காற்று தன் சூட்டையே செலவழிக்கிறது; கணக்குப்படி அந்தக் குறுகலில் காற்று மைனஸ் 20 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்து, நொடிக்கு சுமார் 315 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. பஞ்சர் ஒட்டுபவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை விரல் நுனியில் ஒலிவேகத்தைத் தொட்டுவிடுகிறார்! குக்கரில் வெயிட் தூக்கி விசில் அடிக்கும்போது நீராவி படும்பாடும் இதுவே.

ராக்கெட் எஞ்சினில் இந்தத் தடையே மூலதனம். 1880களின் இறுதியில் சுவீடனைச் சேர்ந்த தெ லாவால் தன் நீராவிச் சுழலிக்காக, குறுகி மறுபடி விரியும் ஒரு குழலைச் செய்தார். குறுகலில் ஒலிவேகத்தை எட்டிய வாயு, விரியும் பகுதியில் இன்னும் வேகமெடுக்கும். நீரோட்டத்தில் பழகிய நமக்கு இது முரணாகத் தோன்றும், விரிந்தால் மெதுவாகத்தானே போக வேண்டும்? ஒலிவேகத்தைத் தாண்டிய வாயுவில் வேகம் கூடுவதைவிட அடர்த்தி விரைவாகக் குறைகிறது. ஒல்லியாகிப்போன வாயுவுக்கு இடம் அதிகம் தேவைப்படுகிறது. நம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் வளாகத்தில் ஓடும் ஒவ்வோர் எஞ்சினின் கழுத்திலும் இதுதான் நடக்கிறது. எரியறைக்கு வெளியே நடப்பது தெரியாது. வெளியே கடல்மட்டக் காற்றா, விண்வெளியா என்று பாராமல் அது தன் பாட்டுக்கு எரியும். ஆனால் விண்ணில் இயங்குவதற்கான அகலமான குழலைத் தரையில் எரித்தால், வெளிக்காற்று அதிர்ச்சி அலையாக, அதாவது அழுத்தம் சட்டென்று தாவும் ஓர் அலையாக, உருவெடுத்துக் குழலுக்குள் ஏறிவந்துவிடும். சிறிய சேதிக்குத்தான் அந்த வழி அடைப்பு. அதிர்ச்சி அலை ஒலியைவிட வேகமாகப் போகக்கூடியது. அதனால்தான் அங்கே உயரமான வெளியின் தாழ்ந்த அழுத்தத்தை உண்டாக்கிச் சோதிக்கவும் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

காற்று நின்று பொருள் ஓடினாலும் கதை இதுவே. ஒலியைவிட வேகமாகப் போகும் துப்பாக்கிக் குண்டு, தான் அனுப்பும் சேதிகளை எல்லாம் தானே முந்திவிடும். அவை பின்னால் ஒரு கூம்பாகத் திரளும். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் என்றால் கூம்பின் அரைக்கோணம் 30 டிகிரி. எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஹருடன் சேர்ந்து இதன் நிழற்படங்களை 1887இல் வெளியிட்டார். கூம்புக்கு முன்னால் நிற்பவருக்கு குண்டு வருவதே கேட்காது.

ஒலிவேகத்தை ஒட்டிப் பறக்கும்போது தனிவட்டிக் கணக்கு காலைவாருகிறது. மெல்லிய இறக்கையின்மேல் அழுத்தம் எவ்வளவு என்று நேரியல் முறையில் போட்டால், வேகம் கூடக் கூட விடை வளர்ந்து, ஒலிவேகத்தில் முடிவிலிக்குப் போய்விடும். காரணம், கலக்கம் இடத்தைவிட்டு நகர வழியில்லாமல் அங்கேயே குவிவதுதான். குவிந்தது சிறியதாக இருக்காது. சிறியது என்று வைத்துத் தொடங்கிய கணக்கு, இனி அது சிறியதல்ல என்று தானே ஒப்புக்கொள்கிறது. ஒரு கோட்பாடு தன் எல்லையை இவ்வளவு நேர்மையாகக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்னோர் இடத்திலும் சிறியது சிறியதாக இருப்பதில்லை, எரிகிற இடத்தில். 1859இல் ரைக்கே செங்குத்தாக நிறுத்திய ஒரு குழாயின் கீழ்ப்பாதியில் கம்பிவலையைச் சூடாக்கி வைத்தார். குழாய் தானாகப் பாடியது. 1878இல் ராலே காரணம் சொன்னார்: காற்று அமுங்கியிருக்கும் நேரத்தில் வெப்பத்தைக் கொடுத்தால் அலை வளரும், தளர்ந்திருக்கும் நேரத்தில் கொடுத்தால் அடங்கும். ஊஞ்சலை எப்போது தள்ளுவது என்பது மாதிரி. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின்கள் 1960களின் தொடக்கத்தில் இந்தக் காரணத்தால் சோதனை மேடையிலேயே சிதைந்தன. எரியறைக்குள் எழும் ஒரு சின்ன ஒலி, எரிதலைத் தூண்டி, தூண்டப்பட்ட எரிதல் ஒலியை ஊதி, கண்மூடித் திறப்பதற்குள் உலோகத்தை உருக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். பொறியாளர்கள் செய்த பரிகாரம் அபாரம். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு சிறு வெடிகுண்டை வெடித்துக் கலக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, அது வளர்கிறதா அடங்குகிறதா என்று பார்த்தார்கள். எரிபொருளைத் தெளிக்கும் தட்டில் தடுப்புச் சுவர்களை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் எந்தக் கலக்கமும் நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும்படி செய்தார்கள்.

வட்டிக்கு வட்டி என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். அலையின் முகட்டில் காற்று கொஞ்சம் சூடாக இருக்கிறது, கொஞ்சம் முன்னோக்கி நகரவும் செய்கிறது. ஆகவே முகடு, பள்ளத்தைவிட ஒரு மயிரிழை வேகமாகப் போகும். போகப் போக முகடு முன்னேறி அலையின் முகம் செங்குத்தாகும். கடைசியில் சுவர் போல ஒரு தாவல், அதுவே அதிர்ச்சி அலை. 1808இல் புவாசோன் இதற்கான தீர்வை எழுதினார். 1848இல் ஸ்டோக்ஸ் அந்தச் செங்குத்தைக் கண்டு தயங்கினார். 1860இல் ரீமான் துணிந்து அதன் வழியே நடந்தார். நம் பேச்சொலிக்கு இது நடக்குமா? குழாய்க்குள் போவது போலப் பரவாமலும் தேயாமலும் போனால், முந்நூறு கிலோமீட்டர் தாண்டித்தான் முகம் செங்குத்தாகும். அதற்கு வெகு முன்பே காற்றின் பிசுபிசுப்பு அதைத் தின்றுவிடும். கடன் பெருகுவதற்குள் கடன்காரர் ஊரைவிட்டே போய்விடுகிறார். ஆனால் டிராம்போனை உச்சத்தில் ஊதினால், அந்தக் குழலின் சில மீட்டர் நீளத்துக்குள்ளேயே அதிர்ச்சி அலை பிறந்துவிடுகிறது. 1996இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். உரக்க ஊதும்போது வரும் அந்தப் பித்தளைக் கணீருக்கு அதுவே காரணம். இடி இதற்கு எதிர்த்திசை. பிறக்கும்போது அதிர்ச்சி அலை, பரந்து மெலிந்து நம்மிடம் வந்து சேரும்போது வெறும் ஒலி.

பெரிய சத்தம் எல்லாம் பெரிய கலக்கம் ஆகிவிடாது என்பதற்கு டோங்காவைப் பார்க்கலாம். 2022 ஜனவரி 15 அன்று, நம் நேரப்படி காலை பத்து மணிவாக்கில், பசிபிக்கில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தது. 1883இல் இந்தோனேசியாவின் கிராகட்டோவா எரிமலை வெடித்தபோது உலகெங்கும் காற்றழுத்தமானிகள் துள்ளின. அதே போல ஓர் அழுத்த அலை புறப்பட்டது. தரையிலிருந்து வளிமண்டலத்தின் பெரும்பகுதியையும் ஒன்றாக அமுக்கியபடி நகரும் இந்த அலையின் கணிதத்தை ஹொரேஸ் லாம்ப் 1900களின் தொடக்கத்தில் எழுதிவைத்திருந்தார். மேலடுக்குக் குளிரும் சேர்வதால் வேகம் சற்றுக் குறைவு, நொடிக்கு சுமார் 315 மீட்டர். தொலைவில் இருந்த கருவிகள் பலவற்றில் அழுத்தம் 2 ஹெக்டோபாஸ்கல், அதாவது 200 பாஸ்கல், அளவுக்கு ஏறி இறங்கியது. ஆயிரத்தில் இரண்டு. ஒரு தீவையே தகர்த்த வெடிப்பு, காற்றுக்கு ஆயிரத்தில் இரண்டு. தனிவட்டிக் கணக்கே போதும்.

அந்த அலை உருண்டையான பூமியில் வட்டமாக விரிந்து, பாதி தூரத்துக்குப் பிறகு மறுபடி சுருங்கி, டோங்காவுக்கு நேர் எதிர்ப்புறமான தெற்கு அல்ஜீரியாவில் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூடியது. தன்னைத்தானே ஊடுருவிக் கடந்து, சிதையாமல் மறுபடி விரிந்து டோங்காவுக்கே திரும்பியது. ஒரு திசையில் நான்கு முறை, மறுதிசையில் மூன்று முறை பூமியைச் சுற்றியதைக் கருவிகள் பதிந்திருக்கின்றன. டோங்காவிலிருந்து சென்னை சுமார் 12,000 கிலோமீட்டர். 315ஆல் வகுத்தால் பத்தரை மணிநேரம். அன்று மாட்டுப் பொங்கல். இரவு எட்டு மணியைத் தாண்டிய நேரத்தில் அந்த அலை கிழக்கிலிருந்து நம் கூரைகளைக் கடந்திருக்கிறது. சுற்றுவழியில் போன அதன் மறுபாதி அல்ஜீரியாவைத் தாண்டி, மறுநாள் காணும் பொங்கல் அன்று காலை பத்தரை மணிவாக்கில் மேற்கிலிருந்து வந்து, எதுவுமே நடக்காதது போல வங்கக் கடலுக்குள் போயிருக்கிறது.